அறுபது எண்ணும்வரை

ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரையில்
மிஞ்சும் துண்டுகளை
சைட்டிலிருந்து நான்தான் கொண்டுவருவேன்.
பிவிசி குழாயில் செருகி
சாம்பல் டேப்பை இழுத்துச் சுற்றினால் வாள்.
அரைமணிக்கு இரண்டு வாள் கணக்கு.

வெள்ளிக்கிழமை, அஸர் தொழுதுவிட்டு நைனார் வந்ததும்
சோஹாருக்கு வெளியே
வாதி என்று இவர்கள் சொல்லும் காய்ந்த ஆற்றில் இறங்குவோம்.
ஒன்பது பேர். சில வாரம் பதினொன்று.
மூன்று அடி பட்டால் சாவு.
செத்தவன் கல்மேல் உட்கார்ந்து அறுபது எண்ணி
எழுந்து வரலாம், வேறு பெயரில்கூட.
வேறு சட்டம் கிடையாது.

அருள்தாஸ்தான் எப்போதும் ராஜா,
வண்டி அவனுடையது என்பதால்.
போர் நடுவில் போன் அடிக்கும்.
ராஜா வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
'சிலிண்டர் வந்துச்சா, ரசீதைப் பத்திரமா வை' என்பார்.
அதுவரை இரு படைகளும்
ஒரே ஃபிளாஸ்கில் கரக் டீ குடிக்கும்.

எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
ஆறு நாள் ஃபோர்மேன் வாயில் விழுந்தவனுக்கு
ஏழாம் நாள் செத்துச் செத்து எழுவது
தலைக்கு ஊற்றிக்கொண்ட மாதிரி.

பிப்ரவரியில் ஒரு நாள்.
காற்று. பாதிப்பேர் வரவில்லை.
சண்டைக்கு ஆள் போதாமல்
என்னை ஒற்றன் என்று பிடித்து
துண்டால் கையைக் கட்டி மண்டியிட வைத்தார்கள்.
விசாரித்தது பிலவேந்திரன்,
எந்த வேஷம் கொடுத்தாலும்
கோழித் திருடன் குரலில் பேசுகிறவன்.
அன்று மெதுவாகக் கேட்டான்:
'யாருக்காக வந்தாய்?'

பதில் யோசித்து வைத்திருக்கவில்லை.
'என் தம்பி அவர்களிடம் இருக்கிறான்.'
எனக்குத் தம்பி கிடையாது.
சொன்னதும் இருந்தான்.
இடது காதில் ஒரு வெட்டு,
சோற்றைப் பிசையாமல் தின்னும் பழக்கம்,
பெயர், எல்லாம் இருந்தது.

'பாதையைச் சொல். அவனைத் தொட மாட்டோம்.'
யாரும் சிரிக்கவில்லை.
போன் அடித்தது. அருள்தாஸ் அணைத்தான்.
நான் பாதையைச் சொன்னேன்.
வாக்குக் கொடுத்தவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டதை
சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

பதினோரு நிமிடம் இருக்கும்.
'அடேய், அவார்டு குடுங்கடா' என்றார் நைனார்.
கைதட்டினார்கள், கட்டை அவிழ்த்தார்கள்.
மணல் விழுந்தது என்று கண்ணைத் துடைத்தேன்.
மணிக்கட்டில் துண்டின் வரி
கேம்ப் கேட் வரை இருந்தது.

அடுத்த வாரம் சொல்லிப் பார்த்தேன்:
போனை வண்டியில் வைப்போம்.
செத்தவன் அன்றைக்குச் செத்தவனாகவே இருக்கட்டும்.
யாராக வருகிறோம் என்று
அவனவன் ஒரு வரியாவது யோசித்து வரட்டும்.

'வெளையாடத்தானடா வந்தோம்,
இதுக்கும் டைம்ஷீட்டா?' என்றான் அருள்தாஸ்.
அவன் சொன்னது தப்பில்லை. அதுதான் சிக்கல்.
வாரம் அறுபது மணி நேரம்
வெல்டிங் பொறியில் குனிந்து நிற்பவனிடம்
இன்னும் கொஞ்சம் உண்மையாக இரு என்று
எந்த வாயால் கேட்பது?

சட்டை அப்படியேதான் இருக்கிறது.
கிழியவில்லை, சாயம் போகவில்லை.
கையைத் தூக்கும்போது மட்டும்
அக்குளில் பிடிக்கிறது.

இன்னமும் போகிறேன்.
நுரை வெட்டுகிறேன், டேப் சுற்றுகிறேன்,
மூன்று அடி வாங்குகிறேன்.
இந்த வெள்ளியும் வாங்கினேன்.
கல்மேல் உட்கார்ந்து எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.
அறுபது.
அறுபத்தொன்று.

'எந்திரிச்சு வாடா, ஆள் கம்மி!'
ராஜாவின் குரல்.
அறுபத்தாறில் பக்கத்துக் கல்லில்
பிலவேந்திரன் செத்து வந்து உட்கார்ந்தான்.
மூச்சு வாங்கியது அவனுக்கு.
அவனும் எண்ணுகிறான் என்றுதான் நினைத்தேன்.

சண்டையைப் பார்த்தபடியே,
உதடு அசைகிறதா என்று தெரியாமல்
கேட்டான்:
'உன் தம்பி தப்பித்தானா?'

எண்ணிக்கை விட்டுப்போனது எனக்கு.